கட்டுச்சோற்றுக்கு ஒரு கடல்பாசி உறை

கொரியத் தொடர்களைப் பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ‘கிம்பாப்’ என்ற பெயர் இப்போது புதிதல்ல. கடல்பாசியை நறுக்கித் தாளாக உலர்த்தி, அதன்மேல் சோற்றைப் பரப்பி, நடுவில் முட்டை, கேரட், கீரை, இறைச்சி என்று வரிசையாக அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, வில்லை வில்லையாக நறுக்கிய பண்டம். 2022இல் வெளியான ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ தொடரின் நாயகிக்கு அன்றாடச் சாப்பாடே இதுதான். மறு ஆண்டு அமெரிக்காவில் டிரேடர் ஜோஸ் கடைகளுக்கு உறைநிலையில் வந்த கிம்பாப், சில வாரங்களுக்குள் நாடு முழுக்க விற்றுத் தீர்ந்தது. அந்த ஆசை காரைக்குடி வரை வந்து சேர இணைய அங்காடி ஒன்று போதும். பாசித்தாள் பொட்டலம் வாசலுக்கே வந்துவிடுகிறது.

காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்கிறவருக்கு இதில் வேறொரு வசதியும் கண்ணில் படும். ராத்திரி மிஞ்சிய சோறு, மிஞ்சிய பொரியல், ஒரு முட்டை. எல்லாவற்றையும் ஒரு தாளில் சுருட்டி டிபன் பாக்ஸில் வைத்துவிட்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. பிள்ளையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடும்.

சுருட்டட்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் ராத்திரிச் சோற்றைச் சுருட்டக் கூடாது. மிச்சம் என்பது காயிலும் கறியிலும் புளிக்காய்ச்சலிலும் இருக்கட்டும்; சோறு மட்டும் காலையில் ஆக்கியதாக இருக்க வேண்டும். செட்டிநாட்டு அடுப்படிக்கு இது தெரியாத சங்கதியும் அல்ல. கட்டுச்சோறு கட்டிய தலைமுறைகள் கையோடு வைத்திருந்த அறிவு இது.

காரணம் சோற்றுக்குள்ளேயே இருக்கிறது. ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா மண்ணிலும் தானியத்திலும் வாழ்வது. அதன் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. சூடாக்கிவிட்டோமே, இனி என்ன என்று நினைப்பது தவறு. ராத்திரி ஒன்பது மணிக்கு மிஞ்சிய சோறு மேடையில் கிடந்து, காலை ஏழு மணிக்குச் சுருட்டப்பட்டு, மூடிய டப்பாவுக்குள் மதியம் பன்னிரண்டரை வரை புழுங்கினால் அது பதினைந்தரை மணி நேரப் பயணம். சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமையின் வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

பழைய சோறு சாப்பிட்டு வளர்ந்த ஊரில் இதைச் சொன்னால் கேள்வி வரும். நியாயமான கேள்வி. ஆனால் பழைய சோறு வெறுமனே கிடந்த சோறு அல்ல. தண்ணீர் ஊற்றியதும் அதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிப் புளிக்க வைக்கின்றன. அந்தப் புளிப்புதான் காவல். அதையும் காலையிலேயே சாப்பிட்டு முடிப்பதுதான் வழக்கம்; டப்பாவில் அடைத்து மதியம் வரை யாரும் தூக்கிச் சுமப்பதில்லை. தண்ணீர் ஊற்றாமல் மூடி வைத்த சோறு வேறு வகை.

மதியம் வரைக்கும் தாங்க வேண்டிய சோற்றுக்கு நம்மவர்கள் கண்ட வழி கட்டுச்சோறு. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்துபோகும் நகரத்தார் மரபு பல நூற்றாண்டு பழையது. மாட்டுவண்டி கட்டி உறவு ஊருக்கும் கோயிலுக்கும் போன நாட்களும் உண்டு. வழிப்பயணத்துக்குக் கட்டியது பெரும்பாலும் புளிச்சோறு. புளிக்காய்ச்சலை எண்ணெய் மிதக்கச் சுண்டவைப்பார்கள். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுத்தான் கலப்பார்கள். சூட்டோடு மூடினால் ஆவி வேர்த்துச் சோறு கெடும் என்பது ஆச்சிமாருக்குத் தெரியும். புளியின் அமிலம், நல்லெண்ணெய், மிளகாய், பெருங்காயம், ஈரம் சுண்டிய பக்குவம் எல்லாம் சேர்ந்து அந்தச் சோற்றைக் காப்பாற்றின. வாழை இலையில் கட்டினார்கள்.

ஜப்பானியர்கள் சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சோற்றின் அமிலத்தன்மை கூடினால் கிருமி பெருக முடியாது. பல நாடுகளில் சுஷிக் கடைகள் சோற்றின் அமில அளவைச் சோதித்துக் குறித்து வைக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை கேட்கிறது. கொரிய கிம்பாப்பில் பொதுவாக வினிகர் கிடையாது. எள்ளெண்ணெயும் உப்பும் மட்டுமே. அன்று செய்து அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டிய பண்டம் அது. கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கொரியர்களே பார்த்திருக்கிறார்கள். 2021 கோடையில் சியோலை அடுத்த சொங்னாம் நகரில் கிம்பாப் சாப்பிட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோய்ப்பட்டார்கள். சால்மோனெல்லா கிருமிதான் காரணம் என்று தெரிந்தது. அங்கேயே அப்படி என்றால் நம் வெயிலுக்கு இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டாமா?

ஆகவே செட்டிநாட்டு வீட்டில் சுருட்டும் பாசித்தாளுக்குள் போக வேண்டியது வெறும் வெள்ளைச்சோறு அல்ல, புளிச்சோறு. இல்லாவிட்டால் எலுமிச்சைச் சோறு. பாசியின் உப்புக்கரிப்பும் புளிக்காய்ச்சலின் காரமும் நல்லெண்ணெய் மணமும் ஒன்றோடொன்று இழையும். கொரியர்கள் எள்ளை வறுத்து எண்ணெய் எடுக்கிறார்கள். நாம் வறுக்காமல் செக்கில் ஆட்டுகிறோம். மணம் கொஞ்சம் மாறும், வித்து ஒன்றுதான். தாளின் மேல் ஒரு விரல் நல்லெண்ணெய் தடவினால் பளபளப்பும் வரும், தாள் நமுத்துப் பிய்ந்துபோகாமலும் இருக்கும்.

செய்முறையில் நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கஞ்சி வடித்த பொன்னிச் சோறு ஒட்டாது. உதிரி உதிரியாக வரவேண்டும் என்பதற்காகத்தானே வடிக்கிறோம்? ஒட்டுகிற மாவுப்பொருளில் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடுகிறது. சுருட்டுவதற்குப் பச்சரிசியை அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் சற்றுக் குழையவே வேகவைக்க வேண்டும். குளிர்ந்த பழைய சோறு இதற்கும் உதவாது. ஆற ஆற மாவுப்பொருள் இறுகிப் பருக்கை விறைத்துவிடும், சுருட்டும்போது வெடிக்கும்.

இந்த இடத்தில் செட்டிநாட்டின் பானைக்குள்ளேயே ஒரு தீர்வு கிடக்கிறது. கவுனி அரிசி. வணிகத்துக்காகப் பர்மா போன நகரத்தாரோடு வந்து சேர்ந்து, கல்யாண வீட்டுக் காலைப் பந்தியில் சர்க்கரையும் தேங்காயும் போட்டு இனிப்பாக நிலைபெற்ற கறுப்பரிசி. இயல்பிலேயே ஒட்டும் ரகம் இது. தென்கிழக்கு ஆசியா முழுக்க ஒட்டும் அரிசியைத்தான் இலையில் சுருட்டிக் கட்டுகிறார்கள். கவுனியை ராத்திரியே ஊறப்போட்டுக் காலையில் தனியாக வேகவைத்து, நாலு பங்கு பச்சரிசிச் சோற்றுக்கு ஒரு பங்காகச் சேர்த்தால் சுருள் பிரியாது; நறுக்கிய வில்லையில் ஊதா நிறம் எட்டிப் பார்க்கும். பிள்ளைகளுக்கு அந்த நிறமே பிடித்துவிடும்.

அந்நியப் பண்டம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கும் கவுனியே பதில். செட்டிநாட்டுச் சமையலின் அடையாளமாகச் சொல்லப்படும் அன்னாசிப்பூ சீனத்துப் பக்கத்துச் சரக்கு. வீட்டுத் தூண்களின் தேக்கும் பர்மாவிலிருந்து வந்தது. கப்பலேறிப் போனவர்கள் வாய்க்குப் பிடித்ததைக் கொண்டுவந்து தங்கள் கைப்பக்குவத்துக்கு மாற்றிக்கொண்டதால்தான் இந்தச் சமையல் இத்தனை வளமாக இருக்கிறது. பாசித்தாளுக்கு மட்டும் கதவைச் சாத்துவதில் பொருளில்லை.

உள்ளே வைப்பதற்குத்தான் மிச்சம். முதல் நாள் ஆக்கியதை ஆறியவுடன் பிரிட்ஜில் வைத்து, காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவிட்டு வைக்க வேண்டும். ஈரமில்லாத எதுவும் பொருந்தும். வாழைக்காய்ப் பொடிமாஸ், உருளைக்கிழங்கு வறுவல், கோழி வறுவல், சுறாப்புட்டு. வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்கிய உப்புக்கறி இதற்கென்றே பிறந்த பக்குவம். எலும்பை நீக்கிச் சிறு துண்டாக்கினால் போதும். முட்டையைப் புதிதாக ஊற்றி, இருபுறமும் நன்றாக வேகவிட்டு நீளமாக அரிந்து வைக்கலாம். அரைவேக்காடு கூடவே கூடாது. குழம்பில் ஊறிய காய், தயிர்ப்பச்சடி, மண்டி எல்லாம் தாளை நனைத்துவிடும்.

தாளின் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்க, கைச்சூடு உள்ள சோற்றை மெல்லிதாகப் பரப்பி, எதிர் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும். கொதிக்கும் சோற்றை வைத்தால் தாள் சுருங்கும். மூங்கில் பாய் இல்லாவிட்டால் சுத்தமான துணியே போதும். கத்தியில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் வில்லை பிசிறில்லாமல் விழும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தின்பண்டமாக வரும் சுவையூட்டிய தாள்களில் மீன், இறால் சாறு கலந்திருக்கலாம். சைவ வீடுகள் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குவது நல்லது. பாசிகளில் அயோடின் உண்டு. தாளாகும் பாசியில், ஜப்பானியர்கள் ‘கொம்பு’ என்று அழைப்பது போன்ற பழுப்புப்பாசிகளை விடக் குறைவுதான். தைராய்டு தொல்லைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்குக் கவலையில்லை.

இனி, மனத்தை உறுத்தும் செய்திக்கு வரலாம். அந்தத் தாள் எங்கிருந்து வருகிறது? கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும். காரைக்குடியில் ரயிலேறினால் மானாமதுரை, இராமநாதபுரம் தாண்டி மண்டபம். அங்கே கடலுக்குள்ளேயே பாசி வளர்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பாசி எடுத்தே பிழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சேலையோடு கடலில் இறங்கி, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசிகளைப் பறித்து வருகிறவர்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு தன் விருதை அளித்தது. பாசி வளத்தைக் காக்கும் கட்டுப்பாட்டைப் பெண்களே ஏற்றுக்கொள்ளச் செய்ததற்கும், அவர்களின் உரிமைக்காக நின்றதற்கும் கிடைத்த மதிப்பு அது.

அவர்கள் எடுத்துவரும் பாசி நம் தட்டுக்கு நேராக வருவதே இல்லை. மரிக்கொழுந்து அகாராகிறது, மதுரைப் பக்கத்து ஆலைகள் அதைக் காய்ச்சுகின்றன. கட்டக்கோரை ஆல்ஜினேட்டாகிறது. 2000க்குப் பிறகு மூங்கில் மிதவைகளில் வளர்க்கத் தொடங்கிய கப்பாஃபைகஸ் பாசி கேரஜீனன் என்ற கெட்டிப்பொருளாகி ஐஸ்கிரீமுக்கும் பற்பசைக்கும் போகிறது. இன்னொரு பகுதி வயலுக்குத் தெளிக்கும் சாறாகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மிதவை, நாற்பத்தைந்து நாளில் அறுவடை. மகளிர் குழுக்களுக்கு இது வருமானம் தந்தது மெய். வெளிநாட்டு இனமான இந்தப் பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறை மேல் படர்ந்துவிட்டதாக 2008இல் ஆய்வாளர்கள் எச்சரித்ததும் மெய்.

கஞ்சிப்பாசி மட்டும் கடலோர வீடுகளில் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கப்பட்டது. நோன்பு நாட்களில் கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் ‘கடல்பாசி’ இனிப்பு இல்லாமல் மாலை கழியாது. ஆகக் கடல்பாசி தமிழர் நாக்குக்குப் புதிதென்று சொல்ல வழியில்லை.

தாளாகும் சிவப்புப்பாசி குளிர்நீரில் வளர்வது. நம் கடலின் சூடு அதற்கு ஒத்துவராது என்பார்கள். உண்மைதான். ஆனால் கொரியர்கள் எல்லாத் தாளையும் அந்த ஒரே பாசியில் செய்வதில்லை. பச்சைப்பாசி கலந்த தாளும் அங்கே பெயர்பெற்றது. அந்த உல்வா இனத்துப் பச்சைப்பாசி நம் பாறைகளிலும் கரைகளிலும் தாராளமாக வளர்கிறது. பாசியைக் கழுவி, பொடியாக நறுக்கி, தண்ணீரில் கலக்கி, சட்டத்தில் ஊற்றி வெயிலில் காயவைப்பது பழைய காகிதப் பட்டறை வேலையைப் போன்றது. எடோ காலத்து ஜப்பானில் அப்படித்தான் தாள் பிறந்தது. சுமார் இருபத்தோரு சென்டிமீட்டர் நீளமும் பத்தொன்பது சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு தாள் மூன்று கிராம்தான் இருக்கும். வெயிலுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. பச்சைப்பாசியும் கஞ்சிப்பாசியும் கலந்து, கிழியாத, மணம் கெடாத ஒரு தாளைச் செய்ய முடியுமா என்று பொறுமையாக முயன்று பார்க்க ஆட்கள் வேண்டும்.

அப்படி ஒருவர் பார்த்த வேலையால்தான் ஜப்பானின் பாசித்தொழிலே இன்று நிற்கிறது. 1940களின் கடைசியில் அங்கே பாசி விளைச்சல் சரிந்தது. பாசியின் வித்து கோடையில் எங்கே போய் ஒளிகிறது என்பது யாருக்கும் தெரியாமல், விளைச்சலை அதிர்ஷ்டத்திடம் விட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பணியாற்றிய கேத்லீன் ட்ரூ பேக்கர் 1949இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சிப்பி ஓட்டுக்குள் வாழும், அதுவரை வேறோர் உயிரினம் என்று எண்ணப்பட்ட இழைதான் அந்தப் பாசியின் இளம்பருவம் என்பது கட்டுரையின் செய்தி. ஜப்பானிய அறிவியலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு சிப்பி ஓடுகளில் நாற்று வளர்க்கக் கற்றார்கள். அந்த அம்மையார் ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை, 1957இல் காலமானார். குமமோட்டோ மாகாணத்து ஊட்டோவில் பாசி விவசாயிகள் 1963இல் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் அவரை வணங்குகிறார்கள்.

நமக்கும் ஆய்வுக்கூடங்கள் அருகிலேயே இருக்கின்றன. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியில் இயங்குகிறது. தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்தில் போய்விடும் தூரம். மண்டபத்தில் மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் அங்கேயே. 2021 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட பல்நோக்குக் கடல்பாசிப் பூங்காவுக்கு, இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 127 கோடி ரூபாய்த் திட்டம்.

இத்தனையும் இருந்தும் பேச்செல்லாம் கேரஜீனன், உரச்சாறு, ஏற்றுமதி என்றே போகிறது. தொழிற்சாலைக்குப் போகும் கச்சாப்பொருளுக்கு விலை வைப்பவர் வாங்குகிறவர். கரையில் நிற்கும் பெண்ணுக்குப் பேரம் பேச இடமில்லை. உண்ணும் பொருளாகக் குழுவின் பெயரிலேயே கடைக்கு வந்தால் அந்த நிலை மாறும். உண்ணும் பாசிக்குக் கடல்நீரின் தூய்மை, கன உலோகச் சோதனை, உப்பும் மணலும் போகக் கழுவுதல் எல்லாம் கட்டாயம். அதற்குத் தேவையான சோதனைக்கூடத்தைத் தனியொரு மகளிர் குழு கட்ட முடியாது. அரசுதான் கட்டித்தர வேண்டும். உள்நாட்டு இனங்களை வளர்த்தால் பவளப்பாறைக்கும் அச்சம் குறையும்.

பிள்ளைக்குக் கிம்பாப் செய்துகொடுக்க நினைக்கும் தாய்மார்களும் தந்தையரும் நாளைக் காலையிலேயே தொடங்கலாம்: புதுச்சோறு, புளிக்காய்ச்சல், நேற்றைய வறுவல், நல்லெண்ணெய். அழகப்பா பல்கலைக்கழகமும் மண்டபத்து ஆய்வு நிலையங்களும் பச்சைப்பாசித் தாளைத் தங்கள் ஆய்வுப் பட்டியலில் சேர்க்கட்டும். வளமாவூர்ப் பூங்காவில் பாம்பன், மண்டபம், தொண்டிப் பெண்களின் குழுக்களுக்கென்று உண்ணும் பாசித்தாள் செய்யும் கூடம் ஒன்றும், அதன் பக்கத்திலேயே ஒரு சோதனைக்கூடமும் அமைய, தமிழக மீன்வளத் துறை இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.